293318625600: இராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண்ணும் அதன் வரலாற்றுப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

சீனிவாச இராமானுஜன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்கள் குறித்த கட்டுரையில் 6746328388800 வரையிலான 102 எண்களை அட்டவணைப்படுத்தினார். அவ்வெல்லைக்குள் 2 முதலாக உள்ள உயர் பகு எண்கள் உண்மையில் 103 ஆகும். விடுபட்ட ஓர் எண் 293318625600. இவ்வெண்ணின் கணிதப் பண்புகளையும், எண் வகைப்பாடுகளில் அதன் இடத்தையும், அட்டவணையில் அது அமைந்திருக்க வேண்டிய சூழலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இராமானுஜனின் தேற்றங்கள் நேரடியாக எண்ணைக் கட்டித் தரும் பகுதியில் இவ்விடுபாடு நிகழவில்லை. கைக்கணக்கால் தேடிக் காண வேண்டிய பகுதியிலேயே நிகழ்ந்தது என்பதும், அதனால் அது அவருடைய பணிமுறையை அறிய உதவும் வரலாற்றுச் சான்றாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இராமானுஜன், உயர் பகு எண், காரணி, பகா எண், மீமிகை எண், கணித வரலாறு

1. முன்னுரை

இராமானுஜனைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றில் இரு போக்குகள் மேலோங்கி நிற்கின்றன. அவருடைய கண்டுபிடிப்புகளை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாகக் காண்பது ஒன்று. அவற்றை விளக்கத்திற்கு அப்பாற்பட்ட உள்ளுணர்வின் வெளிப்பாடாகக் காண்பது மற்றொன்று. இரண்டிலும் விடை மட்டுமே முன்னிற்கிறது. விடையை அடைந்த உழைப்பு பின்னுக்குச் சென்றுவிடுகிறது. ஒரு கணித அறிஞரின் பணிமுறையை அறிய அவர் நிறுவிய தேற்றங்கள் மட்டும் போதா. அவர் தொகுத்த அட்டவணைகளும், அவற்றில் சரியாக அமைந்தவையும் விடுபட்டவையும் அதே அளவிற்குச் சான்றாகும்.

அத்தகைய சான்றுகளுள் ஒன்று 293318625600 என்னும் எண். இந்திய எண்ணு முறையில் இது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இராமானுஜனின் அட்டவணையில் இடம்பெற்றிருக்க வேண்டிய இவ்வெண் அதில் இல்லை. இதனை ஒரு பிழைக்குறிப்பாகக் கூறிவிட்டு நகர்வதே வழக்கம். அது ஏன் அந்த இடத்தில் விடுபடக்கூடிய எண்ணாக அமைந்தது என்னும் வினா, அதன் பண்புகளை ஆராயும்போது தெளிவு பெறுகிறது.

2. உயர் பகு எண்: வரையறையும் அமைப்பும்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். 1-உம் அந்த எண்ணும் காரணிகளாகவே கொள்ளப்படும். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய 6. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் நான்கிற்கு மேற்பட்ட காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்ணை உயர் பகு எண் என்பர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என இவ்வரிசை தொடர்கிறது. பகா எண்கள் காரணிகளில் மிக வறியவை. உயர் பகு எண்களோ காரணி வளத்தில் அவற்றுக்கு எதிர்முனையில் நிற்பவை. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு வட்டத்தை 360 பாகையாகவும் பகுத்த மரபுகள் இத்தகைய எண்களின் பயனை நடைமுறையில் உணர்ந்திருந்தன. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் நகர அரசின் நிலவுடைமையாளர் எண்ணிக்கையாக 5040-ஐப் பரிந்துரைத்ததும், அவ்வெண் பலவாறாகப் பகுக்கத்தக்கது என்பதனாலேயே.

உயர் பகு எண்ணின் பகாக் காரணி அமைப்பு கட்டுப்பாடுடையது. முதலாவதாக, 2-இலிருந்து தொடங்கி இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாமல் வரும். இரண்டாவதாக, பகா எண் பெரிதாக ஆக அதன் அடுக்கு கூடுவதில்லை. காட்டாக, 18 = 2 × 3² என்பதற்கு 6 காரணிகள் உண்டு; அடுக்குகளை இடம் மாற்றினால் கிடைக்கும் 12 = 2² × 3 என்பதற்கும் அதே 6 காரணிகள் உண்டு. 12 சிறியதாதலால் 18 உயர் பகு எண் ஆகாது. மூன்றாவதாக, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர ஏனைய உயர் பகு எண்கள் அனைத்திலும் மிகப் பெரிய பகாக் காரணியின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். இம்மூன்றாவது பண்பை இராமானுஜன் தம் கட்டுரையில் நிறுவினார்.

நாம் ஆராயும் எண்ணின் அமைப்பு பின்வருமாறு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்குவரிசையில் உள்ளன. இறுதி அடுக்கு 1. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

3. 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அட்டவணையும்

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுஜன் ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஜி. எச். ஹார்டியுடன் பணியாற்றத் தொடங்கினார். மறு ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில், 14-ஆம் தொகுதியில், 347 முதல் 409 வரையிலான பக்கங்களில் அவருடைய உயர் பகு எண்கள் கட்டுரை வெளிவந்தது. அவர் தனித்து எழுதி வெளியிட்டவற்றுள் மிக நீண்டது இதுவே. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வின்வழிப் பட்டம் வழங்கியதற்கும் இக்கட்டுரையே அடிப்படை. சமனின்மைகளைக் கையாள்வதில் இராமானுஜன் பெற்றிருந்த தேர்ச்சியை இக்கட்டுரை தெளிவாகக் காட்டுகிறது என்பது ஹார்டியின் மதிப்பீடு.

அச்சான கட்டுரை 52 பிரிவுகளைக் கொண்டது. இராமானுஜன் எழுதியது அதனினும் நீண்டது. போர்க்காலத்தில் கழகம் பொருள் நெருக்கடியில் இருந்தமையால் எஞ்சிய பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி 1988-இல் நரோசா பதிப்பகம் வெளியிட்ட 'தொலைந்த குறிப்பேடு' தொகுதியில் படிவமாக இடம்பெற்றது. பின்னர் ழான்-லூயி நிக்கோலா, கி ரொபேன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் அதனைப் பதிப்பித்து, 1997-இல் 'இராமானுஜன் ஜர்னல்' இதழின் முதல் தொகுதியில் விளக்கக் குறிப்புகளுடன் வெளியிட்டனர்.

1915-ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணை 2-இல் தொடங்கி 6746328388800-இல் முடிகிறது. இறுதி எண்ணின் காரணிகள் 10080. கணிப்பொறி இல்லாத காலத்தில் 13 இலக்க எண்கள் வரை சென்ற இவ்வட்டவணையில் 102 எண்கள் உள்ளன. முழுமையான வரிசையோடு ஒப்பிட்டால் ஒரே ஓர் எண் குறைகிறது. 2-ஐ முதலாவதாகக் கொண்டால், விடுபட்ட 293318625600 வரிசையில் 90-ஆவது இடத்திற்குரியது.

4. விடுபட்ட எண்ணின் சூழல்

அட்டவணையில் இவ்விடத்திற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் இரண்டு.

முன்னது: 240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (காரணிகள் 4800)

பின்னது: 321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (காரணிகள் 5376)

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு சீரான நகர்வு புலப்படும். ஒரு 3-ஐ நீக்கி இரண்டு 2-களைச் சேர்த்தால் முன்னதிலிருந்து பின்னது கிடைக்கிறது. இரண்டிற்கும் உள்ள விகிதம் சரியாக 4/3. ஏனைய பகாக் காரணிகள் அனைத்தும் அசையாமல் நிற்கின்றன. இந்த நகர்வு தன்னளவில் முழுமையானதாகத் தோன்றும். நடுவில் ஓர் எண் இருப்பதற்கான குறிப்பு எதுவும் இதில் இல்லை.

விடுபட்ட எண்ணை அடைய வேறு வகையான மாற்றம் வேண்டும். முன்னதிலிருந்து 23-ஐ முற்றிலும் நீக்க வேண்டும். அதனால் காரணிகள் 4800-இலிருந்து 2400-ஆகக் குறையும். பின்னர் 2-இன் அடுக்கை 4-இலிருந்து 6-ஆகவும், 7-இன் அடுக்கை 1-இலிருந்து 2-ஆகவும் உயர்த்தினால், 2400 × 7/5 × 3/2 = 5040 என்னும் எண்ணிக்கை கிடைக்கும். அடுத்த எண்ணுக்குச் செல்லும்போது நீக்கிய 23-ஐ மீண்டும் சேர்த்து, ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் விடவேண்டும். முதல் நகர்வின் விகிதம் 28/23. இரண்டாவதன் விகிதம் 23/21. இரண்டையும் பெருக்கினால் அதே 4/3. அதாவது, மிகப் பெரிய பகாக் காரணியை விலக்கி மறு அடியில் திரும்பச் சேர்க்கும் ஓர் ஊசலாட்டத்தின் நடுப்புள்ளியாக இவ்வெண் அமைகிறது.

இத்தகைய ஊசலாட்டத்தை இராமானுஜன் அறிந்திருந்தார் என்பதற்கு அட்டவணையே சான்று. 293318625600-இன் சரிபாதியான 146659312800 அதில் உள்ளது. அதுவும் 23 இல்லாத எண். அதன் முன்னும் பின்னும் உள்ள 128501493120, 160626866400 ஆகிய இரண்டும் 23-ஐக் கொண்டவை. விடுபட்ட எண்ணின் 23 மடங்கு, அட்டவணையின் இறுதியில் நிற்கும் 6746328388800-ஆகும். ஆகவே, விடுபட்ட எண்ணின் பாதியும் அதன் 23 மடங்கும் அட்டவணைக்குள் இருக்க, அது மட்டும் இல்லை. மேலும், அட்டவணை எல்லைக்குள் 19-ஐ மிகப் பெரிய பகாக் காரணியாகக் கொண்ட உயர் பகு எண்களில் இதுவே கடைசி. இதற்குப் பின் வரும் 13 எண்களும் 23-ஐக் கொண்டவை.

5. வகைப்பாடுகளில் இவ்வெண்ணின் இடம்

உயர் பகு எண்களுக்குள் இராமானுஜன் மேலும் ஓர் உள்வகையை வரையறுத்தார். அது மேனிலை உயர் பகு எண் எனத் தக்கது. காரணிகளின் எண்ணிக்கையை அந்த எண்ணின் ஒரு குறிப்பிட்ட நேர்ம அடுக்கால் வகுக்கும்போது கிடைக்கும் ஈவு, எல்லா எண்களிலும் பெருமமாக எங்கு அமைகிறதோ, அந்த எண்ணே இவ்வகையைச் சார்ந்தது. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440 என இது தொடர்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதை ஒரு பகா எண்ணால் பெருக்கப் பெறப்படுகிறது. 13967553600-ஐ 23-ஆல் பெருக்க 321253732800 கிடைக்கிறது. அதனை 7-ஆல் பெருக்க 2248776129600 கிடைக்கிறது. இம்மூன்றும் அடுத்தடுத்த மேனிலை எண்கள்.

293318625600 மேனிலை எண் அன்று. அது 13967553600-இன் 21 மடங்கு. மேனிலை எண் 23-ஆல் பெருக்கிப் பெறப்பட, இது 3 × 7-ஆல் பெருக்கிப் பெறப்படுகிறது. 23-ஆல் பெருக்கினால் 2688 காரணிகள் இரட்டித்து 5376 ஆகின்றன. 21-ஆல் பெருக்கினால் 2688 × 5/4 × 3/2 = 5040 ஆகின்றன. சற்றுச் சிறிய பெருக்கியால் சற்றுக் குறைந்த காரணிகள் கிடைக்கின்றன. மேனிலை வரிசையில் 23 முதலிலும் இரண்டாவது 7 அதன் பின்னும் நுழைய, இவ்வெண்ணில் 7 முந்திக்கொள்கிறது.

மீமிகை எண் என்னும் வகையிலும் இது சேராது. காரணிகளின் கூடுதலை எண்ணால் வகுத்து வரும் விகிதம், தன்னிலும் சிறிய எல்லா எண்களின் விகிதத்தையும் விஞ்சினால் அவ்வெண் மீமிகை எண். லியோனிடாஸ் அலாவோக்லு, பால் ஏர்டோஷ் ஆகிய இருவரும் 1944-இல் இவ்வகையை விரிவாக ஆராய்ந்தனர். இராமானுஜனின் அச்சேறாப் பகுதியில் இதன் கருத்து முன்னரே இடம்பெற்றிருந்தது. 293318625600-இன் விகிதம் ஏறத்தாழ 5.599. இதனிலும் சிறிய 160626866400-இன் விகிதமோ ஏறத்தாழ 5.648. காரணிகளின் எண்ணிக்கையில் முந்தி நிற்கும் எண் அவற்றின் கூடுதலில் பிந்துகிறது. இவ்விரு வகைகளும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல காட்டு.

ஆயினும் மற்றோர் அரிய வகையில் இவ்வெண்ணுக்கு இடம் உண்டு. இதன் காரணி எண்ணிக்கையாகிய 5040-உம் ஓர் உயர் பகு எண். அட்டவணையின் எல்லைக்குள் இப்பண்பு பெற்றவை 16 மட்டுமே. அவற்றுள் இது 15-ஆவது, அட்டவணையின் இறுதி எண் 16-ஆவது. 5040-இன் காரணிகள் 60, 60-இன் காரணிகள் 12, 12-இன் காரணிகள் 6, 6-இன் காரணிகள் 4 எனச் சங்கிலி தொடர்கிறது. இவை ஒவ்வொன்றும் உயர் பகு எண்ணே. காரணி எண்ணிக்கையின் காரணி எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்னும் வினாவை இராமானுஜன் அதே கட்டுரையில் எழுப்பி ஆராய்ந்தவர். அவ்வினாவிற்கு மிக நெருங்கிய ஓர் எண்ணே அட்டவணையில் விடுபட்டது என்பது கவனிக்கத்தக்கது.

6. தேற்றத்தின் எல்லையும் தேடலின் தொடக்கமும்

மேனிலை எண்களை முறையாகக் கட்டமைக்கும் வழியை இராமானுஜனின் கோட்பாடு தருகிறது. எந்தப் பகா எண் எப்போது நுழையும் என்பதை மடக்கைகளைக் கொண்டு கணக்கிடலாம், தேட வேண்டுவதில்லை. இரு மேனிலை எண்களுக்கு இடைப்பட்ட உயர் பகு எண்களுக்கு அத்தகைய வழி இல்லை. அடுத்தடுத்த உயர் பகு எண்களை முயன்று பார்த்தே காண வேண்டும், வேறு முறை தமக்குத் தெரியாது என்று இராமானுஜனே அக்கட்டுரையில் கூறியுள்ளார்.

இதனை நம் எண்ணைக் கொண்டே விளக்கலாம். 13967553600, 321253732800 ஆகிய இரு மேனிலை எண்களுக்கும் பொதுவான அடுக்கு, 2-இன் மடக்கையை 23-இன் மடக்கையால் வகுத்து வரும் 0.221. இதிலிருந்து, 293318625600-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5268-க்கு மேற்பட்ட காரணிகள் இருக்க இயலாது எனத் தேற்றம் உறுதி செய்கிறது. நம் எண்ணின் காரணிகளோ 5040. மேல்வரம்பிற்கும் உண்மை நிலைக்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. இதனிலும் சிறிய ஏதேனும் ஓர் எண் அவ்விடைவெளிக்குள் விழுமா என்பதைத் தேற்றம் தானே தீர்ப்பதில்லை. அடுக்குகளின் பல்வேறு சேர்க்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அளவையும் காரணி எண்ணிக்கையையும் ஒப்பிட்டு விலக்க வேண்டும்.

மேற்கூறிய இரு மேனிலை எண்களுக்கு இடையே 13 உயர் பகு எண்கள் உள்ளன. இராமானுஜன் 12-ஐக் கண்டார், 13-ஆவது விடுபட்டது. அட்டவணையிலுள்ள மேனிலை எண்கள் ஒன்றுகூட விடுபடவில்லை. விடுபாடு நிகழ்ந்த இடம், தேற்றம் முடிந்து தேடல் தொடங்கும் இடம்.

இதே நிலையை மற்றோர் அட்டவணையும் காட்டுகிறது. தன்னிலும் சிறிய எந்த எண்ணும் தன்னைக் காரணி எண்ணிக்கையில் விஞ்சாத எண்களின் பட்டியல் ஒன்று இராமானுஜனின் கையெழுத்தில் உள்ளது. இவ்வகையில் சமநிலையும் ஏற்கப்படும். அதில் 4200, 151200, 415800, 491400 ஆகிய நான்கும் இல்லை என்பதையும், 150840 தவறாக இடம்பெற்றுள்ளது என்பதையும் நிக்கோலாவும் ரொபேனும் சுட்டிக்காட்டியுள்ளனர். 150840 = 2³ × 3² × 5 × 419; இதற்கு 48 காரணிகளே உண்டு. விடுபட்ட 151200-க்கோ 144 காரணிகள். இவை கையால் எழுதிக் கணக்கிட்டவரின் தாளில் நேரும் பிறழ்வுகளே. கோட்பாட்டின் பிறழ்வுகள் அல்ல.

7. பிற்கால ஆய்வு

இராமானுஜனுக்குப் பின் இத்துறை கணிப்பைத் தாண்டி, இவ்வெண்கள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்னும் வினாவை நோக்கிச் சென்றது. ஏர்டோஷ் 1944-இல் அவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு கீழ்வரம்பையும், நிக்கோலா 1971-இல் ஒரு மேல்வரம்பையும் நிறுவினர். தேடலையே முறைப்படுத்தும் பணியும் நடந்தது. ஓர் எண் மேனிலை நிலையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளந்து, குறிப்பிட்ட அளவிற்கு மேல் விலகியவற்றைத் தொடக்கத்திலேயே நீக்கிவிட்டால் எஞ்சுவன சிலவே. இத்தகைய உகப்பாக்க முறையைக் கையாண்டு ரொபேன் 1983-இல் 5000 உயர் பகு எண்களின் பட்டியலைத் தந்தார். மேனிலை எண்களை அளவுகோலாகக் கொள்ளும் இம்முறையின் வேர் இராமானுஜனின் 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது. அவருடைய அட்டவணையின் இடைவெளியை நிரப்பப் பயன்படுவதும் அவர் வகுத்த கருவியே.

8. முடிவுரை

293318625600 காரணி எண்ணிக்கையில் தனக்கு முற்பட்ட அனைத்தையும் விஞ்சியது. ஆனால் மேனிலை எண்ணும் அன்று, மீமிகை எண்ணும் அன்று. கட்டளை விதியால் பெறப்படாமல், முயற்சியால் மட்டுமே கண்டடையத்தக்க எண். அட்டவணை வெளிப்பாடாகக் கிடைத்திருந்தால், விடுபாடு எங்கும் நேரலாம் அல்லது எங்கும் நேராமல் இருக்கலாம். அது தேற்றத்தின் காவல் இல்லாத இடத்தில், அதுவும் வழக்கமான நகர்வு மாறும் ஒரு திருப்பத்தில் நேர்ந்துள்ளமை, 102 எண்களும் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சேர்க்கப்பட்டவை என்பதை உணர்த்துகிறது.

103-இல் ஒன்று விடுபட்டது இராமானுஜனின் பெருமையைக் குறைப்பதன்று. மற்ற 102-ஐயும் சேர்க்க அவர் செலவிட்ட உழைப்பின் அளவை அந்த ஒன்றே நமக்குத் தெரிவிக்கிறது. தமிழில் இராமானுஜன் வரலாற்றை எழுதுவோர் அவருடைய முடிபுகளோடு அட்டவணைகளையும், அவற்றின் இடைவெளிகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வது, வியப்பிலிருந்து விளக்கத்திற்குச் செல்லும் வழியாக அமையும்.